கால் பங்கு

முதல் வருஷம் கால் பங்கு.
இரண்டாம் வருஷமும் அதே.
மூன்றில் அரை, நான்கில் முக்கால்.
ஐந்தாம் வருஷம் முழுசு,
அதுவும் நிதிக்குழுவுக்கு மனசிருந்தால்.
ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கம், அடியில்,
எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து.

மாரிட்ஸ்பர்க்கில் அந்த நீள மேசை.
ஏழு பழைய கல்லூரிகளுக்கு ஏழு நாற்காலி.
எட்டாவதைப் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தார்கள்.
அதற்கு ஒரு கால் குட்டை.
நான் கையெழுத்துப் போடும்போது
நாற்காலி ஒருமுறை தலையாட்டியது.

கால்பந்து என்று தமிழில் சொன்னால்
கால்வாசிப் பந்து என்றும் காதில் விழும்.
எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்ல?
தலைவர் ப்ளிக்னாட்டிடம் இங்கிலீஷில் சொன்னால்
சிலேடை பாதி வழியில் செத்துப்போகும்.
ஆகவே நான், வாசகி படையாச்சி,
ஸ்டேங்கர் தொழிற்கல்லூரியின் கணக்குப்பிள்ளை,
டீயை ஆற்றிக் குடித்தேன்.

அந்த வருஷம்
லேடிஸ்மித் போய்வர டீசல் முழு விலை.
டோங்காட் டோல்கேட்டில்
புது உறுப்பினர் என்று யாரும் கட்டணத்தைக் குறைக்கவில்லை.
கோல்கீப்பர் முசாவென்கோசியின் முட்டியில் எட்டுத் தையல்;
டாக்டர் எட்டுக்கும் காசு வாங்கினார்.
நாலு கோல் வாங்கித் தோற்றோம்.
பட்டியலில் நாலையும் நாலாகவே எழுதினார்கள்.
ஒன்று என்று போடுங்கள், கால் பங்குதானே நாங்கள்
என்று ஒரு கடிதம் எழுதினேன்.
அனுப்பவில்லை.

ஆகஸ்டில் எங்கள் ஊரில் ஆட்டம்.
எரித்த கரும்பின் கரி
மைதானமெங்கும் கறுப்புத் தூறலாய் இறங்க,
வேலியோரம், கூரைமேல், கோம்பி வண்டிகளின் முதுகில் ஜனம்.
டிக்கெட் தீர்ந்துபோய்
பழைய பரீட்சைத் தாளைக் கிழித்து முத்திரை குத்தி விற்றோம்.
டிவி வண்டி முதல்முறையாக
ஸ்டேங்கருக்கு வழி கேட்டு வந்தது.
ராத்திரி தகரப்பெட்டியை எண்ணினேன்.
நாலு குவியல். மூன்று மாரிட்ஸ்பர்க் போனது.
பந்தியில் உட்காரவைத்து
நம் தோட்டத்து வாழையிலேயே
கால் இலை நறுக்கிப் போட்ட மாதிரி.

"மிச்சம் எங்கே போகிறது, மேடம்?"
முசா கேட்டான், கட்டோடு நொண்டியபடி.
கூட்டில் இருப்பதற்கு அதுதான் விலை என்றேன்.
சொன்னது என் வாய்தான்.

ஐந்தாம் வருஷம் வந்தது.
பச்சை மையில் டிக் அடித்தேன்.
புது பஸ். ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ்.
பிசியோவுக்குத் தனி அறை, கதவு மட்டும் பாக்கி.
என் நாற்காலியும் மாறிவிட்டது,
நாலு காலும் தரையில்.

போன செவ்வாய்
உம்சிண்டோவிலிருந்து ஒரு கல்லூரி.
லுங்கேலோ என்று ஒருவன், பையன் மாதிரி முகம்,
மடியில் டீசல் ரசீதுகள்,
அந்தக் குட்டைக்கால் நாற்காலியில்.
பதினோராம் பக்கத்தை விரலால் தடவிக் கேட்டான்:
"நாங்கள் வாங்கப்போகிற கோலுக்கும் இதே விகிதமா?"
மேசை முழுக்கச் சிரித்தது.
நான் அனுப்பாத கடிதம்
இவன் வாய்க்கு எப்படிப் போனது?

ப்ளிக்னாட் வாக்குக்கு விட்டார்.
எட்டாகப் பிரித்தால் எங்களுக்கு எவ்வளவு,
ஒன்பதாகப் பிரித்தால் எவ்வளவு,
பேனா தானாகவே போட்டு முடித்திருந்தது.
அந்தக் கதவு எத்தனை ரேண்டு என்பதையும்.

கையைக் கால்வாசி தூக்க முடியாது.
மேசைக்கடியில் கிடக்கும்,
இல்லையென்றால் தலைக்கு மேல் போகும்.
என்னுடையது போனது.

திரும்பும்போது முசாதான் வண்டி ஓட்டினான்.
இப்போது அவன் பயிற்சியாளன்.
மிச்சம் எங்கே போகிறதென்று கேட்கவில்லை.
டோங்காட்டில் காசைக் கட்டிவிட்டு
ரசீது வாங்க மறந்துபோனேன்.
இத்தனை வருஷத்தில்
முதல் தடவை.