பாக்கிக் கொப்பி

கரண்ட் பில்லின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
அதில்தான் கூட்டினேன்.

ஆறு மாசம், சனி ஞாயிறு, மருதானையில் வகுப்பு.
கட்டணம் எழுபத்தெட்டாயிரம்.
பாதி முதலில், பாதி பரீட்சைக்கு முன்.
பஸ் காசு தனி. சப்பாத்து தனி.
சனிக்கிழமை என்பது
ஆமர் வீதிக் கடையில் எனக்கு ஏழு ஃபேன், நாலு அயன்,
சிலநேரம் ஒரு மிக்சி.
அதை எந்த வரியில் போடுவது?
செலவா, வராத வரவா?
இரண்டு இடத்திலும் எழுதி
இரண்டு இடத்திலும் வெட்டினேன்.

பிறகு பழைய கணக்கு.
சீட்டு எடுத்தாயிற்று, இன்னும் ஒன்பது மாசம் கட்டவேணும்.
தங்கச்சியின் குழுக்கடனுக்கு நான் பிணை.
சங்கிலி செட்டியார் தெருவில் படுத்துக்கொண்டு
குட்டி போடுகிறது.

ஒரு வயர் எத்தனை அம்பியர் தாங்கும் என்று
தடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
ஒரு மாசம் எத்தனை தவணை தாங்கும் என்பதற்கு
மீட்டர் கிடையாது.
புகை வந்த பிறகுதான் தெரியும்.

இப்போது நல்ல மாசம் நாற்பத்தையாயிரம்.
மழை பிடித்தால் முப்பது; குளிருக்கு எவன் ஃபேன் திருத்துவான்?
பேப்பர் இருந்தால்
கொள்ளுப்பிட்டி ஹோட்டலில் பராமரிப்பு வேலை,
அறுபத்தெட்டாயிரம், பகல் சாப்பாடு.
தை மாசம் போய்ப் பார்த்தேன்.
கொரிடோரில் எரியாத லைட்டைப் பார்த்து
"சோக் போயிட்டுது" என்றேன். போய்த்தான் இருந்தது.
"செர்ட்டிபிக்கட்?" என்றார்கள்.
கையை விரித்தேன்.
சோல்டர் சுட்ட தழும்புகள் மட்டும்.

நேற்று விண்ணப்பம் வாங்கப் போனால்
கவுண்டரில் திலினி மிஸ், துண்டு துண்டான தமிழில்:
"வேலை தெரியும்தானே? வகுப்பு எதுக்கு?
நேரே சோதனை செய்யலாம்."
பதினெட்டாயிரம்.
ஆனால் செய்த வேலைக்கு எழுத்தில் சான்று வேணும்,
மூன்று வருஷத்துக்கு.

எழுத்திலா?
நவ்ஷாத் நானா கடையில் பில் என்ற சாமானே இல்லை.
காசு கை மாறினால் கதை முடிந்தது.
தந்தவர் எவரையும் நான் எழுதி வைத்ததில்லை.
தராதவர்களைத்தான் எழுதியிருக்கிறேன்.

சிவப்பு மட்டைக் கொப்பி, ஐந்து வருஷம்.
மெல்கம், நூற்றிரண்டாம் தோட்டம், மேசை ஃபேன்,
கொயில் புதிதாய்ச் சுற்றியது, 900.
பூக்கடை அஞ்சலை, ரைஸ் குக்கர், தேர்மல் பியூஸ், 350,
பள்ளிக்கூடம் தொடங்கினதும் தருவாளாம்.
வடைக்கடை கிரைண்டர், ஆமேச்சர், 2200, பாதி வந்தது.
பெயர் தெரியாது, மீன் வாடை, ரேடியோ, 500.

இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன்.
திலினி மிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
பக்கத்து மேசைக்குச் சிங்களத்தில் ஏதோ சொல்ல
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
பிறகு சிரிக்காமல்
போட்டோக்கொப்பி எடுத்துவரச் சொன்னார்கள்.
இருபத்தாறு பக்கம், ஒரு பக்கம் பத்து ரூபா.
அதையும் பில்லின் பின்னால் எழுதினேன்.

பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை.
எனக்கு வரவேண்டியது
நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது.
மோதரையில் ஏறியவள் தோளால் இடிக்க
மறுபடி முதலிலிருந்து கூட்டினேன்.
அதே தொகை.
இத்தனை நாளும் என்னைக் கடன்காரி என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி நேரே நூற்றிரண்டாம் தோட்டம்.
மெல்கமின் கதவு திறந்தபடி.
துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து
சிமெந்துத் தரையில் வாய் பிளந்த தூக்கம்.
தலைமாட்டில் அந்த ஃபேன்.
சத்தமில்லை, ஆட்டமில்லை.
என் பக்கம் திரும்பி
கொப்பியின் தாளை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு
அவன் பக்கம் போனது.

நல்லாய்த்தான் சுற்றியிருக்கிறேன்.

கொஞ்சநேரம் நின்றேன்.
பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு
வாசற்படியில் உட்கார்ந்தேன்.
வேர்த்தால் எழும்புவான்.