தவளைக்கு ஒதுக்கிய நேரம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டிங்கரிங் லேப்
முன்பு மத்தியானக் கஞ்சிக்கு அரிசி வைத்திருந்த அறை.
இப்போதும் வண்டு வரும்.
ஆர்டுயினோ போர்டின் அடியிலிருந்து ஒன்று
நிதானமாக நடந்து வந்து
சால்டரிங் புகையை மோந்துவிட்டுத் திரும்பும்.

த்ரீடி பிரிண்டரிடம் மூடி கேட்டோம்,
இடியாப்பம் பிழிந்தது.
ஆகவே எங்கள் கருவிக்கு உடம்பு
ஷெறினா வீட்டு சோப்பு டப்பா.

மேலே ஆளியாற்றில் தண்ணீர் விட்டால்
எங்கள் வாய்க்காலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று
விடுகிறவர்களுக்கும் தெரியாது
வாங்குகிறவர்களுக்கும் தெரியாது.
நடுராத்திரி வரும்.
மடை திறக்க ஆளில்லாமல்
தன்பாட்டுக்குப் போய்விடும்.

இரண்டு திருகாணி, நடுவே மூன்று விரல் இடைவெளி.
தண்ணீர் இரண்டையும் தொட்டால்
பதினொரு செல்போனுக்கு ஒரு சொல் போகும்.

அந்தச் சொல்லுக்கே ஒரு வாரம் ஆனது.
தண்ணி என்று போடு என்றேன்.
வெள்ளம் என்று போடு என்றான் ஜிஷ்ணு,
நம்பர் தந்தவர்களில் ஆறு பேர் மலையாளம், எண்ணிப் பார்.
எண்ணினேன். ஆறு.

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
பதினொரு போனிலும் வெள்ளம்,
இங்கிலீஷ் எழுத்தில்.
காய்ந்த வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு ஏழு பேர்
ஒருவர் முகத்தில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்கள்.
உடுமலையிலிருந்து விருந்துக்கு வந்திருந்த
தங்கமுத்து வீட்டு மாப்பிள்ளை
மாமனார் போனைப் படித்துவிட்டு
எட்டுக் கோழியையும் ஓட்டின் மேல் ஏற்றியிருந்தார்.

திருகாணிகளின் மேல்
ஒரு கால் இதில், ஒரு கால் அதில் என
ஈர உடம்போடு உட்கார்ந்திருந்தது
தவளை.

பேட்டரியக் கழட்டுங்க மொதல்ல என்றார் ஒருவர்.
வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு தவளை எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்காரும்?
ஷெறினாதான் கேட்டாள்.
உயிரியல் புத்தகத்தில் இல்லை.
விளையாட்டு அறையிலிருந்து ஸ்டாப்வாட்ச் வாங்கி
நான்கு சாயங்காலம் கரையில் கிடந்தோம்.
என் நோட்டில் இருக்கிறது:
நாற்பது நொடி.
இரண்டு நிமிடம் பத்து நொடி.
பாம்பு வந்தது, கணக்கில் சேர்க்கவில்லை.
பதினொரு நிமிடம் இருபது நொடி.

பன்னிரண்டு நிமிடம் விடாமல் நனைந்திருந்தால்தான் தண்ணீர்.
புரோகிராமில் அந்த வரிக்குத் தவளை என்றே பெயர் வைத்தோம்.
கடைசி எழுத்தை ஜிஷ்ணு விட்டுவிட்டான்,
மலையாளத்துக்கு அது போதுமாம்.
சொல்லை எடுத்துவிட்டோம்.
இனி வெறும் மிஸ்டு கால்.

பாலக்காட்டுக் கண்காட்சியில் நடுவர் கேட்டார்,
பன்னிரண்டு நிமிடம் தாமதம் குறைதானே?
தவளை என்றோம்.
ஏதோ எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை பேட்டரி மாற்றப் போனபோது வந்தது.
சத்தம் முதலில் இல்லை.
சருகுகள்தான் தாமாக நகர்ந்தன.
பிறகு நுரை, தேங்காய் மட்டை, ஒரு நீலச் செருப்பு.
திருகாணி நனைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.
ஜிஷ்ணு போனை எடுத்தான்.
எண்ணட்டும் என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள் ஷெறினா.
எங்கள் கண் முன்னால்
தண்ணீர் எல்லா மடையையும் தாண்டிப் போனது.

ஒன்பதாவது நிமிடம் அவன் உதறிக்கொண்டு ஓடினான்,
வரப்பில் விழுந்து எழுந்து, இரண்டு பாஷையிலும் கத்திக்கொண்டு.
நோட்டில் எழுதினேன்:
ஒன்பது. ஜிஷ்ணு.

பன்னிரண்டில்
தென்னைகளுக்கு அப்பால் ஒரு போன் அடித்தது.
அப்புறம் இந்தப் பக்கம் ஒன்று.
சிம்மில் மிச்சம் பதினான்கு ரூபாய்.
ஷெறினா கரையில் ஏறி நின்று
கையிரண்டையும் வாயில் குவித்துக் கத்தினாள்:
எடுக்காதீங்க! யாரும் எடுக்காதீங்க!
காசு போயிரும்!