யானைக்கா, ஆளுக்கா

கல்முனை பஸாரில் நிஸ்தாரின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரு சாணுக்கும் குறைவாய், கறுப்பாய்க் கிடந்தது.
"யானைக்கா, ஆளுக்கா?" என்றார்.
இருட்டுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பின்பக்கப் பொத்தானை அரைவாசி அமத்திக் காட்டினார்.
பட்டப்பகலில்
கூரைத் தகரத்தின் துரு முழுதும் தெரிந்தது.

ஏழாயிரத்து எண்ணூறு.
மருந்துக்கடைச் சம்பளத்தில் ஒரு கிழமை.
காசை எண்ணியபடியே சொன்னார்:
"வாய் விளிம்பில பல் வெட்டியிருக்கு, புள்ள,
கிட்ட வந்தா குத்தலாம்.
ரெண்டு தரம் தட்டினா துடிக்கும்,
பாக்கிறவனுக்குத் தலை சுத்தும்.
தண்ணியில விழுந்தாலும் சாகாது."

களுவாஞ்சிகுடியில் கடை பூட்டி
குருமண்வெளித் துறைக்கு வர
கடைசிப் பாதை காத்து நிற்கும்.
மற்ற ஊர்க்காரருக்குப் பாதை என்றால் நிலம்.
எங்களுக்கு அது தண்ணீரில் போகும்,
மோட்டார்சைக்கிள், கோழிக்கூடு,
யாரோ மறந்துவிட்டுப்போன குடை எல்லாவற்றோடும்.
மண்டூரில் இறங்கினால்
வயல் நடுவே
ஸ்கூட்டியும் நானும்.

கைப்பையில் பனடோல் அட்டை, சீப்பு,
அடையாள அட்டை, அதற்குப் பக்கத்தில் இது.
அம்மாவின் பையில் அடையாள அட்டை மட்டும்தான்.
அவளுடைய காலத்தில்
வெளிச்சம் மற்றப் பக்கம் இருந்தது.
முகத்தில் அடிப்பார்கள்,
அடிப்பவருக்கு முகம் இராது.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
உண்மையைச் சொன்னால்
கொஞ்சம் ஏமாற்றம்.
குளியலறையில் தேள் தேடினேன்.
பூனை குட்டிபோட்ட இடத்தைக் கண்டுபிடித்தேன்.
இரவில் படுத்துக்கிடந்து
பெருவிரலால் பொத்தானைத் தடவிப் பழகினேன், அமத்தாமல்.
"என்ன, துவக்கா அது?" என்றார் புருசன்,
சுவர்ப் பக்கம் திரும்பியபடி.

மறுகா மாரியில் ஒரு செவ்வாய்.
பின்னால் மோட்டார்சைக்கிள், லைட் இல்லை.
நான் மெதுவாக, அதுவும் மெதுவானது.
நான் விரைய, அதுவும்.
மதகடியில் நிறுத்தி இறங்கினேன்,
திரும்பி
இரண்டு தரம் தட்டினேன்.

மழைத்துளிகள் அந்தரத்தில் நின்றன.
நின்றன, நின்றன, விழவே இல்லை.
அவற்றுக்குப் பின்னால் ஒருவன்
துண்டு துண்டாய் வந்தான்.
ஒரு கை. ஒரு செருப்பு. நனைந்த தாடி.
பிறகு இரண்டு கையும் தலைக்கு மேலே.
நான் தூக்கச் சொல்லவில்லை.
நாற்பத்தைந்து மதிக்கலாம்;
அந்த வயதுக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"லைட் எரியல்ல தங்கச்சி,
உங்கட சிவப்பு லைட்டப் பாத்துத்தான் பின்னால வந்தன்."

இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
ஆயிரத்து அறுநூறு லூமென்
அவன் சட்டைப் பொத்தானில் பிரிந்திருந்த நூலைக் காட்டியது,
கழுத்துத் தழும்பைக் காட்டியது,
இந்த ஒன்றை மட்டும் காட்டவில்லை.

பெருவிரலை எடுக்க மனம் வரவில்லை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
ஒரு மனிதன் கண்ணை இறுக்கிக்கொண்டு
மழையில் கைதூக்கி நிற்க,
வெளிச்சத்தின் இந்தப் பக்கம்
முகமில்லாமல் நின்றேன்.
நல்ல வசதியான இடம்.

"முன்னுக்குப் போங்க" என்றேன்.
துடிப்பை நிறுத்தி
ஹாண்டிலோடு சேர்த்துப் பிடித்தேன்.
அவன் போனான்,
என் வெளிச்சத்தில் தன் நிழலை ஏறி மிதித்தபடி
வெல்லாவெளிச் சந்தி மட்டும்.
நன்றி சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.
நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.
இப்போதும் அதே இடத்தில் கைப்பைச் சிப்பைத் திறந்து வைக்கிறேன்.

நேற்று மண்டூர்த் துறையில் பல்ப் போய்விட்டது.
பாதை விடும் பூபாலரெத்தினம்
"புள்ள, உங்கட சாமானை அக்கரைக்கு ஒருக்கா அடிங்க" என்றார்.
அடித்தேன்.
கம்பம் தெரிந்தது, கயிறு கட்டும் வளையம் தெரிந்தது,
கம்பத்தில் ஒரு நீர்க்காகம்
எரிச்சலோடு தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

யானை இன்னும் வரவில்லை.
வந்தால் எத்தனை தரம் தட்டவேண்டும் என்று
நிஸ்தாரிடம் கேட்க மறந்துபோனேன்.