ஜாடை

என் தம்பி விமானத்தில் பிறந்தவன் என்று
எட்டு வயதுவரை நம்பியிருந்தேன்.
ஸ்கிப்போல் விமான நிலையத்தில்
ஒரு கன்னியாஸ்திரீ அவனை அம்மாவிடம் நீட்டியபோது
காலில் ஒரே ஒரு காலுறை.
மற்றது ஹைட்டியில் விழுந்ததா, வானத்திலா,
இன்றுவரை தெரியாது.

குழந்தை பார்க்க வந்தார்கள்.
சோம்பு மிட்டாய் தூவிய ரொட்டி தின்றார்கள்.
யார் ஜாடை என்று கேட்கப் போன நாக்கு
ஒவ்வொரு வாயிலும் பாதியில் நின்றது.
அத்தை மட்டும் சமாளித்தாள்:
'தொண்டை அப்படியே அப்பாவுடையது.'

வீட்சே என்று பெயர் வைத்தோம்.
முந்தைய பெயர் வில்னேர்,
பச்சைக் கோப்பில், பால் ரசீதுகளுக்கு நடுவே இருந்தது.
அம்மா அதை மறைக்கவில்லை.
எடுத்துக் காட்டவும் இல்லை.

'எங்கள் கண்ணுக்கு நிறம் தெரியாது'
என்பார் அப்பா, பெருமையாக.
மாட்டுப் பதிவேட்டில் மட்டும்
கறுப்பு வெள்ளை ஒரு பக்கம்,
சிவப்பு வெள்ளை இன்னொரு பக்கம்.

டிசம்பர் ஐந்து. புனித நிக்கோலாஸ் வருவார்,
பின்னால் முகத்தில் கரி பூசிய வேலையாள்,
தோளில் மிட்டாய் மூட்டை.
'வீட்சேவுக்கு மை மிச்சம்' என்றார் ஆசிரியை.
வகுப்பு சிரித்தது.
வாசலில் நின்ற அம்மா சிரித்தாள்.
நான் சத்தமாகவே.
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு
கடைசியில் அவனும்.
அன்றிரவு தன் மிட்டாய்களை எண்ணாமல்
என் காலணிக்குள் கொட்டிவிட்டுப் படுத்தான்.
நான் தின்றேன்.

பதினெட்டில் உட்ரெக்ட் போனேன்.
வீட்டில் பேசிய ஃப்ரீஸிய மொழி
என் வாயில் துருப்பிடித்தது.
அவன் மாடுகளோடு தங்கினான்.
பாலாடைக்கட்டிக் கடையின் புதுப்பெண்
அவனிடம் டச்சில், சொல் சொல்லாக,
காது கேளாதவனுக்குச் சொல்வதுபோலப் பேசினாள்.
'முற்றினதில் அரைக் கிலோ,
ஓரத்தை வெட்டி நீயே வைத்துக்கொள்'
என்றான் ஃப்ரீஸியத்தில், அப்பாவின் கொச்சையில்.
நானாக இருந்தால்
அகராதி தேடியிருப்பேன்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்கும்போது
நான் ரயிலுக்கு மணி பார்த்தேன்.
ஆடியது அவன் தோள்.

பிறகு காப்பிக் கூடம்.
லேவார்டனிலிருந்து வந்த பால் கூட்டுறவுக்காரர்
ஈரக் கோட்டைக் கழற்றி
முகம் பாராமல் வீட்சேயின் கையில் கொடுத்தார்.
வீட்சே வாங்கி மாட்டினான்.
மழைத்துளியை உதறி, சுருக்கம் நீவி,
ஒழுங்காக.
ஐந்தடி தூரத்தில் நான், வாயில் கேக்.
இவன் என் தம்பி.
மூன்றே சொல்.
பதினோரு வருடமாக மெல்லுகிறேன்.

போன மாதம் அவனுக்கு நெஞ்சு படபடத்தது.
குடும்பத்தில் இதய நோய் உண்டா என்றார் மருத்துவர்.
'அப்பாவுக்கு. அறுபத்தொன்றில்' என்றான்.
அவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பேனா காத்திருந்தது.
'அடித்துவிடுங்கள்' என்றான், மெதுவாக.
அவர் அடித்தார், அளவுகோல் வைத்ததுபோல
நேர்க்கோடு.

கார் நிறுத்தத்தில் முதல்முறையாகக் கேட்டான்:
'பாவ்க்யே, அங்கே யாருக்காவது
இதே படபடப்பு இருக்குமோ?'
ஒரு நாய் குரைத்து முடிக்கும்வரை பொறுத்து,
'அந்தப் பச்சைக் கோப்பு என்னவாயிற்று?'

என்னிடம் இருக்கிறது.
அம்மாவின் வீட்டைக் காலி செய்த அன்றே எடுத்தேன்.
உட்ரெக்டில், என் வரித்தாள்களுக்கு நடுவே.
மறைக்கவில்லை என்று சொல்ல
வாய்வரை வந்தது.

வண்டியைக் கிளப்பினேன், உதறி நின்றது.
'கிளட்சைக் கொல்லாதே' என்றான்.
திரும்பிப் பார்க்காமல் இருக்க
எவ்வளவோ முயன்றேன்.