களைக்கு ஒரு பாத்தி

தண்ணீர் பச்சையாகிவிட்டது.
துவைக்கும் கல்லுக்கு அப்பால்
பத்தடிக்கு ஆறடி தோண்டி, தார்ப்பாய் விரித்து
ஆடிப்பெருக்கன்று விட்ட பதினோரு கெண்டைகள்
மேலே வந்து வாய் பிளக்கின்றன.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் பகலெல்லாம்
ஊரார் சிறுநீரைச் சோதிப்பவள் நான்.
வீட்டுக்கு வந்து மீனுடையதைச் சோதித்தேன்.
நாலு சொட்டு மருந்து, ஒரு குலுக்கல்.
மஞ்சளாக நிற்கவேண்டிய குழாய்
பச்சைக்குப் போனது. அமோனியா.

ஆக, குளத்துக்கு ஒரு சிறுநீரகம் வேண்டும்.
தலைமாட்டில் சின்னப் பாத்தி,
முக்கால் இஞ்சு ஜல்லி, அடியில் துளையிட்ட குழாய்.
மோட்டார் அழுக்கைத் தள்ளும், வேர் தின்னும்,
மிச்சம் வழிந்து குளத்துக்கே திரும்பும்.
எந்த வேர் என்பதுதான் கேள்வி.

கூத்தாநல்லூர் சாலை நர்சரியில் ஜெகபர்
கல்வாழையைக் காட்டினார். செக்கச்செவேலென்ற பூ.
"நல்லாத் திங்கும்மா. ஆனா அப்பப்ப அறுத்துப் போடணும்.
எல அழுகி வுழுந்துச்சுன்னா
தின்னதப் பூரா திருப்பிக் குடுத்துரும்."
இரண்டு வாங்கினேன்.
வெட்டிவேர் ஆறு தூர்.
ஓரத்துக்கு வல்லாரை, சட்னிக்கும் ஆகும்.
வசம்பு ஒன்று, கணக்கில் சேராதது,
இலையைக் கசக்கி முகர்வதற்கு.
சம்பு கேட்டதும் கையை உதறினார்:
அதன் முளை ஊசி, தார்ப்பாயைக் குத்திக்கொண்டு
அடுத்த தெருவில் எழுந்திரிக்குமாம்.
ஆகாயத்தாமரை சும்மாவே தருகிறேன் என்றார்.
பாமணியாறு மூடிக் கிடப்பதைப் பார்த்த எவளாவது
அதை வீட்டுக்குள் கூப்பிடுவாளா?

ஜல்லிக்குள் மண் போகக்கூடாது.
ஒவ்வொரு வேராக வாளியில் அலசிக்கொண்டிருந்தபோது
வேலிக்கு அந்தப் பக்கம் பக்கிரிசாமி அண்ணன் சிரித்தார்.
"நாங்க காசு குடுத்துக் களை எடுக்குறோம்,
நீ காசு குடுத்து நடுற."
நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை அவர் ரத்தத்தில்
கிரியேட்டினின் மூன்று புள்ளி எட்டு.
எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து
டாக்டரைப் பாருங்கள் என்று கொடுத்தவள் நான்.
உறை அவர் வீட்டு டிவி மேல் இருக்கிறது,
ஜன்னல் வழியே தெரிகிறது.

வியாழன் விடிகாலை ஒரு சாக்கோடு வந்தார்.
உள்ளே கோரை,
வாய்க்காலிலேயே மண் போக அலசி.
"இதக் கொல்ல நாப்பது வருசமா மருந்தடிச்சுப் பாத்துட்டேன், சாவல.
ஒன் அழுக்க இதுதான் தாங்கும்."

கோரை என் பட்டியலிலேயே இல்லை.
குழாய் வாய்க்கு நேரே, அவர் காட்டிய இடத்தில்
ஜல்லியை விலக்கி இருவருமாக நட்டோம்.
குந்தியிருந்தவர் கணுக்காலில் ஒட்டிய சேற்றை
கட்டைவிரலால் வழித்தார்.
விரல் எடுத்த இடத்தில் குழி.
ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணினேன்.
பன்னிரண்டிலும் அது மேடாகவில்லை.

"அண்ணே, அந்த உறை..."
"களையெடுப்பு முடியட்டும்மா."
"முடியாது. களை எங்கயும் போகாது. வண்டியில ஏறுங்க."

வேட்டி மாற்றி வருகிறேன் என்று போனார்.
நான் கை கழுவி மோட்டாரைப் போட்டேன்.
கரண்ட் இல்லை.
பதினோரு வாய்கள் மேலே.
கோரை நட்ட இடம் கலங்கலாக,
வேர் பிடிக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும்.

சுவிட்சை அணைக்காமலே கிளம்பினேன்,
எப்போது வந்தாலும் ஓடட்டும்.