ஐம்பதுக்குப் பின்னால் ஒரு புள்ளி

இராய்ட்ஸ்,
ஆறு மணிக்கு நீ உள்ளே வரும்போது
நான் தேபா ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருப்பேன்,
எல்கொய்பாரின் சிரிமிரித் தூறலில், குடையில்லாமல்.
மூன்றாம் எந்திரத்தின் கதவில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளை
கையுறையைக் கழற்றிவிட்டுப் படி.

பம்ப் உறை பதினொன்று முடிந்தது.
பன்னிரண்டாவது பிடியில் இருக்கிறது.
பூச்சியம் ஜி ஐம்பத்தைந்தில், ஐம்பத்துநான்கில் அல்ல.
வார்ப்பின் மூலையில் ஒரு பிசிறு இருந்தது, அரம் போட்டேன்.
பிசிறின்மேல் தொட்டு எடுத்த பூச்சியம்
பூச்சியமே அல்ல.

ஏழாம் கருவி புதிது. நீளம் அளந்தாயிற்று.
டி ஏழுக்கு எதிரே ஹெச் ஏழுதான் நிற்கிறதா என்று
நீயும் ஒருமுறை பார்.
வரிகளை நகலெடுத்து ஒட்டும்போது
ஒருவன் செருப்பில் இன்னொருவன் கால் நுழைந்துவிடுகிறது.

முதல் வரியில் பழைய கட்டளைகளையெல்லாம் ரத்து செய்திருக்கிறேன்.
எந்திரத்துக்கு மறதி கிடையாது:
நேற்றைய துளைச் சுழற்சியை
இன்றைக்கும் மனதில் வைத்திருக்கும்.

இதுவரை எழுதியது எளிது.

போன மாதம், செவ்வாய்க்கிழமை. அந்தச் சத்தம்.
அகுர்ட்சானே ஓடி வந்து
உன் வேகக் குமிழைக் காட்டினாள். நூறு சதவீதம்.
"இருபத்தைந்தில் வைத்திருந்தால் கை நிறுத்தியிருக்குமே" என்றாள்.
நீ பதில் சொல்லவில்லை.
உடைந்த கருவியின் துண்டை உள்ளங்கையில் ஏந்தி
எடை பார்ப்பதுபோல நின்றாய்.

இசட் ஐம்பது.
அவ்வளவுதான். ஐம்பதுக்குப் பின்னால் புள்ளி இல்லை.

மென்பொருள் தந்தது முப்பது, புள்ளியோடு.
உயரமான கவ்வி மாட்டியிருந்ததால்
இடிக்கக் கூடாதே என்று
விடியற்காலை மூன்றரைக்கு ஐம்பதாக்கியவள் நான்.
பாதுகாப்புக்காக!

அறைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன்.
திரையில் கருவி ஐம்பது மில்லிமீட்டர் அழகாக எழும்பிற்று.
அது நான் சொல்ல நினைத்ததைப் புரிந்துகொண்டது.
எந்திரமோ சொன்னதை மட்டும் கேட்டது:
ஐம்பது மைக்ரான்.
ஒரு தலைமுடித் தடிமன் எழும்பி
அதுவே போதுமென்று
முழு வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தது,
கவ்வி இருந்த திசையில்.

புள்ளி போனால் மெய்யெழுத்து வாய் திறந்துவிடும்.
இங்கேயும் அப்படித்தான்,
சுழல்தண்டு அன்று திறந்த வாயை
இன்னும் முழுதாக மூடவில்லை.
மூவாயிரம் சுற்றுக்கு மேல் காதைக் கொடுத்துக் கேள்.

இதையும் எழுதிவிடுகிறேன்.
அன்று மாலை, கூட்டத்துக்கு முன்னால்,
அந்தப் புள்ளியை வைத்தேன்.
ஒரே ஒரு விசை. சத்தமே இல்லை.
அகுர்ட்சானே அச்செடுத்துப் பார்த்த நிரலில்
குறையில்லை.
நீ மட்டும் இருந்தாய்.

நினைவட்டையில் பழைய நகல் கிடந்தது.
இன்றிரவு இரண்டையும் அச்செடுத்து
அவள் மேசையில் வைத்திருக்கிறேன்.
புள்ளியில்லாததன் கீழே என் கையெழுத்து.

முதல் ஓட்டத்தில் குமிழ் நூறில் இருந்தது
உன் கணக்கு. அதை நான் எழுத மாட்டேன்.

ஒற்றை வரி விளக்கை எரியவிட்டிருக்கிறேன், அணைக்காதே.
மீதித் தூரம் காட்டும் பக்கம் திறந்திருக்கிறது.
கருவி பொருளுக்கு ஒரு விரல் உயரத்தில் நிற்கும்போது நிறுத்து.
திரையும் ஒரு விரல் என்கிறதா பார்.
என்றால், தொடர்.
வேறு ஏதாவது சொன்னால்
பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு
என்னைக் கூப்பிடு.
தூங்கியிருக்க மாட்டேன்.

குளிர்திரவம் குறைவாக இருக்கிறது. ஊற்று.

ஒய்யானா