மற்றவை

குருமண்வெளித் துறையில்
பாதை ஏறும்போது மணி எட்டரை.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு பசுக்கன்று,
பள்ளிக்குப் பிந்திய ரீச்சர்,
நான், கச்சேரி தந்த டப்,
மழைக்கு அதைச் சுற்றிய சொப்பிங் பேக்.
போகிற கரை படுவான்கரை.
சூரியன் படுக்கிற பக்கம்.
பட்டியலில் பத்து வீடு. ஆறு முடிந்திருந்தது.

ஏழாவது வீட்டில் உதயசீலன்
உரப்பையில் நெல் கட்டிக்கொண்டிருந்தார்.
மனைவி மில்லுக்குப் போய்விட்டாவாம்.
நீங்களே சொல்லலாம் என்றேன்.
விதி அப்படித்தான்:
வீட்டில் இல்லாதவருக்காக
வீட்டில் இருப்பவர் பேசலாம்.

கடந்த ஏழு நாளில்
ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தாரா?
"ஒரு மணித்தியாலமா!" சிரித்தார்.
ஆகக் கூடிய கல்வித் தகைமை?
"டிகிறி."
சொல்லும்போது சணல் கயிற்றைக் கீழே வைத்தார்.
என்ன பாடம்?
"ஆட்ஸ்."
ஆட்ஸில் எது?
கூரையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.
"வந்தாறுமூலையில படிச்சவ. நாலு வருசம்.
சேட்டிபிக்கற் அலுமாரிக்குள்ள கிடக்கு.
திறப்பு அவட கையில."

அவரைக் குறை சொல்லேன்.
கல்யாணம் பேசியபோது சாதகம் பார்த்திருப்பார்கள்,
வளவின் எல்லை பார்த்திருப்பார்கள்,
டிகிறிப் பிள்ளை என்று
இரண்டு ஊருக்குச் சொல்லியிருப்பார்கள்.
எதில் என்று யார் கேட்டிருப்பார்?

திரையில் பட்டியல் இறங்கிக்கொண்டே போனது.
கடைசியில்
99 – மற்றவை.
பின்னேரத்துக்குள் அனுப்பச் சொல்லி
மேற்பார்வையாளர் இரண்டு முறை எடுத்துவிட்டார்.
அழுத்தினேன்.

கேமலோஜினி சைக்கிளில் வந்து இறங்கினா.
புருவத்தில் தவிடு.
மில்லில் தராசுக் கணக்கு எழுதுகிறாவாம்.
"புவியியல். விசேட பட்டம்.
விசேடத்த விட்டுராதீங்க, மிஸ்."

பிறகு கேளாமலே சொன்னா:
முகத்துவாரம் வெட்டினால்
இந்தத் துறையில் தண்ணீர் வடிய எத்தனை நாள்?
அதுதான் ஆய்வு.
இரண்டு மாரி, விடிய ஆறு மணிக்கு,
சிவப்புக் கோடு போட்ட கம்பை
வாவியில் நட்டு வாசித்தாவாம்.

"அந்தக் கம்பா?" என்றார் உதயசீலன்.
மூன்று பேரும் கோழிக்கூட்டைப் பார்த்தோம்.
குறுக்குச் சட்டமாக நின்றது.
நாற்பத்திரண்டாம் கோட்டில்
ஒரு கோழி இருந்தது.

திருத்தப் போனால் டப் விடவில்லை.
சிக்னல் கிடைத்த வேலியோரம் நின்று
மேற்பார்வையாளரை எடுத்தேன்.
"சமூக விஞ்ஞானம் எண்டு போடுங்க."
பின்னால் நின்று கேட்டுவிட்டா.
"அரைவாசி மண்ணும் தண்ணியும்தானே, மிஸ்.
அது எந்தச் சமூகம்?"

எனக்குத் தெரியவில்லை.
நான் தாவரவியல்.
என் வீடு ஒருமுறையும் மாதிரிக்குள் விழவில்லை,
என்னிடம் எவரும் கேட்டதில்லை.
பூட்டைத் திறந்துவிட்டார்கள்.
இரண்டு இலக்கம் போட்டேன்.
விசேடத்துக்குப் பெட்டி இல்லை என்பதை
நான் அவவுக்குச் சொல்லவில்லை.

எட்டு, ஒன்பது, பத்து.
பத்தாவது வீட்டில் பட்டதாரிகள் இல்லை,
சீக்கிரம் முடிந்தது.

திரும்பும்போது பாதை எழுவான்கரையை நெருங்க
துறைக்கட்டின் காலைப் பார்த்தேன்.
ஈரம் ஏறியிருந்தது ஒரு சாண் அளவு,
அல்லது இறங்கியிருந்தது.
காலையில் எங்கே நின்றதென்று
நான் குறிக்கவில்லை.